சம்பந்தியைப் பார்க்கச் சைக்கிளில் போனோம்

சம்பந்தியம்மாவை முதன்முதலாகப் பார்க்கப் போகிறவள் எப்படிப் போவாள்? பட்டு வேண்டாம், ஒரு நல்ல பருத்திச் சேலையாவது கட்டுவாள். நெற்றியில் பொட்டு, கையில் பலகாரத் தட்டம், முகத்தில் கொஞ்சம் பவுடர். நான் போன கோலத்தைக் கேளுங்கள். மகளுடைய பழைய பனிச்சறுக்குக் காற்சட்டை, ஊதா நிறம். நடந்தால் சரக், சரக் என்று சத்தம். மேலே கணவருடைய தொழிற்சாலைக் கம்பளிச் சட்டை. பொட்டு வைத்துத்தான் இருந்தேன். அதை ஹெல்மெட் மூடிவிட்டது.

வாசல் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

“அம்மா, சோக்கா இருக்கிறீங்கள்,” என்றாள் மகள் ஆரணி.

“ஓமடி பிள்ளை. சந்திரனுக்குப் போற ஆள் மாதிரி இருக்கிறன். இந்தக் கோலத்தில என்னைப் பாத்தால் அந்த மனுசி என்ன நினைக்கும்?”

“அவவும் உப்பிடித்தான் வருவா.”

இவர், என் வீட்டுக்காரர், குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். வெளியே ஸ்னோ, யாரோ மேலே இருந்து மா அரிக்கிற மாதிரிக் கொட்டிக்கொண்டிருந்தது.

போன கிழமை இந்தப் பத்திரிகைப் பக்கத்தில், மகள் ஒரு சுவிஸ் பெடியனை விரும்பிவிட்டாள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, கறிவேப்பிலைக் கன்றைப் பற்றி நீட்டி முழக்கினேன். அதற்கு எனக்குக் கிடைத்த ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. “கன்று கிடக்கட்டும், கலியாணம் என்ன மாதிரி?” என்று கோயில் வாசலிலேயே ஒரு அக்கா மறித்துக் கேட்டார். சரி, சொல்லுகிறேன். சொன்னால் அடங்கிக் கிடக்கிற எரிச்சல் எல்லாம் திரும்பிக் கிளம்பும். கிளம்பட்டும்.

பாப்பம்

ஆவணி மாதம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆரணி விசயத்தை வைத்தாள். பெயர் யோனாஸ். சூக் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறான். இரண்டு பேரும் எழுத்து எழுதி, கலியாணத்தைப் பதிவு செய்ய விரும்புகிறார்கள்.

நான் கத்த வேண்டியதைக் கத்தி, அழ வேண்டியதை அழுது, ஒரு கிழமைக்குள் சமாதானமாகிவிட்டேன். பிறகு ஒருநாள் அவனைச் சூரிச்சில் ஒரு தமிழ்க் கடையில் வைத்துப் பார்த்தேன். உறைப்பான கோழிக்கறியை மூக்கால் தண்ணீர் ஓட ஓடச் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னான். வாத்தியார் உத்தியோகம், சிகரெட் இல்லை, வாயில் சிரிப்பு இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

ஆனால் இவர் இருக்கிறாரே, என் வீட்டுக்காரர் குமரேசன்! எம்மன்புரூக்கேயில் உள்ள இரும்புத் தொழிற்சாலையில், தலைமயிர் கறுப்பாக இருந்த காலத்திலிருந்து வேலை செய்கிறார். அங்கே இரைச்சலில் யாரும் கதைக்க மாட்டார்களாம். அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மகள் சொன்னதைக் கேட்டார். தண்ணீர் குடித்தார். “பாப்பம்,” என்றார். எழும்பிப் போய்ப் பல்கனியில் நின்றார்.

பாப்பம் என்றால் என்ன? ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. கத்தினால் திருப்பிக் கத்தலாம். மாட்டேன் என்றால் காலைப் பிடித்துக் கெஞ்சலாம். பாப்பம் என்கிற மனிதனை என்ன செய்வது?

புரட்டாதியில் கேட்டேன், பாப்பம். ஐப்பசியில் கேட்டேன், பாப்பம். கார்த்திகை விளக்கீடு அன்று விளக்கைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். “காத்தடிக்குது, விளக்கை உள்ள கொண்டு போம்,” என்றார்.

மகளுக்கும் அப்பனுடைய பிடிவாதம் அப்படியே இருக்கிறது. “அப்பா வாயைத் திறந்து ஓம் எண்டால்தான் எழுத்து. இல்லாட்டி நான் இப்பிடியே இருப்பன்,” என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெடியனும் காத்துக்கொண்டிருந்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த மத்தளம் நான்தான். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தை பிறந்தது. ஸ்னோதான் கொட்டியது.

யாருடைய யோசனை இது?

யோனாஸுடைய தாய் உர்சுலா. தகப்பன் இல்லை, தாயும் மகனும்தான். அந்த மனுசிதான் செய்தி அனுப்பினாள். முதல் சந்திப்பை வீட்டுக்குள் வைத்தால் எல்லோரும் விறைத்துக்கொண்டு இருப்பார்களாம். அதனால் அவர்கள் அந்தப் பக்கமிருந்து சைக்கிளில் வருவார்களாம், நாங்கள் இந்தப் பக்கமிருந்து சைக்கிளில் போகவேண்டுமாம். நடுவில் ஆற்றங்கரையில் நெருப்பு மூட்டி, தடியில் சொசேச் இறைச்சியைக் குத்தி வாட்டிச் சாப்பிடலாமாம். ஸ்னோ கொட்டினால் இன்னும் வடிவாம்!

வீட்டுக்குள் இருந்தால் விறைக்குமாம், ஸ்னோவுக்குள் நின்றால் விறைக்காதாம். நான் வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தேன்.

“பிள்ளை, சம்பந்தம் கதைக்கிறது உங்களுக்கு என்ன விளையாட்டோ? வீட்டுக்குக் கூப்பிடு. இடியப்பம் அவிச்சு, சொதி வைச்சு, மரியாதையா இருந்து கதைப்பம்.”

“அம்மா, வீட்டில அப்பா கதைக்க மாட்டார். சைக்கிள்ல எண்டால் கதைப்பார்.”

உண்மைதான். இவர் மழைக்கும் பனிக்கும் சைக்கிளில்தான் வேலைக்குப் போவார். ஆரணி சின்னப் பிள்ளையாக இருந்தபோது முன்னால் இருத்திக்கொண்டு ஆற்றங்கரை முழுக்கக் கதைத்துக்கொண்டு போவார். எதிரில் யாரும் முகத்தைப் பார்க்காவிட்டால் இவருக்கு வாய் திறக்கும். அவளுக்குச் சைக்கிள் பழக்கியதும் அந்தக் கரையில்தான். “ஸ்னோவில முன் பிரேக்கைத் தொடாதை, தொட்டால் கவிழ்த்துப்போடும்,” என்று பின்னால் ஓடி ஓடிக் கத்துவார். அன்று கதைத்த கதையை இன்று கதைத்தால் என்ன என்றுதான் அவளுடைய எண்ணம். நாசமாய்ப் போக, நானும் சம்மதித்தேன்.

எனக்குப் பற்றறிச் சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தந்தார்கள். பின்னால் இரண்டு பக்கமும் பை. பலகாரம் இல்லாமல் சம்பந்தியைப் பார்க்கப் போக நான் என்ன நாதியற்றவளா? முதல்நாளே பயற்றம் பணியாரம் சுட்டுத் தகர டப்பாவில் அடுக்கியிருந்தேன். அதையும் இஞ்சித் தேத்தண்ணிப் போத்தலையும் இவரே கீழே கொண்டுபோய், சைக்கிள் நிற்கிற நிலவறையில் வைத்துப் பையில் கட்டினார். அவ்வளவு உதவியாவது செய்கிறாரே என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டு நாலாவது ஆள்

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீட்டில் மூன்று பேர்தான். மூன்று பேராக நல்ல காரியத்துக்குப் படி இறங்கக் கூடாது என்பது இவருடைய சட்டம். இறங்கினால் காரியம் முறியும். பரிகாரம், கூட ஒரு கல்லைக் கொண்டுபோவது. கல்லோடு சேர்த்தால் நாலு பேர். ஊரில் பலரும் பார்க்கிற வழக்கம்தான்; ஆனால் சின்னக் கூழாங்கல் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்வார்கள். இவருக்கு அது போதாது. றொய்ஸ் ஆற்றங்கரையில் சின்னத் தேங்காய் அளவு உருண்டைக் கல் ஒன்றைப் பொறுக்கி வந்து, பல்கனியில் கறிவேப்பிலைச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

வீடு வாங்கக் கையெழுத்துப் போடப் போனபோது அந்தக் கல் வந்தது. சுவிஸ் குடியுரிமைக்கான நேர்முகத்துக்கும் வந்தது. இவருடைய கோட்டுப் பை கிழிந்து உள்துணி வெளியே தொங்க, நாங்கள் மூன்று பேரும் அந்த அதிகாரிகளுக்கு முன்னால் இருந்து மலைகளின் பெயரைச் சொன்னோம். ஆஸ்பத்திரிக்கோ செத்த வீட்டுக்கோ அது வராது. நல்ல காரியம் என்று இவர் மனதுக்குப் பட்டால் மட்டும்தான் வரும்.

ஆரணி சின்ன வயதில் என்னுடைய சிவப்பு நகப்பூச்சை எடுத்து அதற்குக் கண்ணும் வாயும் கீறி, தம்பி என்று பெயர் வைத்தாள். பாலர் வகுப்பில் ரீச்சர் கூடப் பிறந்தவர்கள் யார் என்று கேட்டிருக்கிறார். இவள், “எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். மழைக்கும் ஸ்னோவுக்கும் பல்கனியில்தான் இருப்பான். அவனுக்கு ஒருவரும் சாப்பாடு கொடுக்கிறதில்லை,” என்றிருக்கிறாள்.

அடுத்தநாள் எங்கள் இருவரையும் பள்ளிக்கூடத்துக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள். ரீச்சரும் இன்னொருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார்கள். விசயம் விளங்கியதும் எனக்கு வேர்த்துக் கொட்டியது. இவர் வீட்டுக்கு ஓடிப்போய்க் கல்லைத் தூக்கிவந்து மேசையில் வைத்து, தன் தொழிற்சாலை ஜெர்மனில், “இவன்தான். இவன் ஒன்றும் சாப்பிட மாட்டான்,” என்றார். அந்த ரீச்சர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் நிற்கிறது. எனக்கோ மானம் போய்விட்டது.

இதையெல்லாம் ஏன் சொல்லுகிறேன் என்றால், அன்றைக்கும் நாங்கள் மூன்று பேராகத்தான் படி இறங்கினோம். நான் இவருடைய கோட்டுப் பையைப் பார்த்தேன். தட்டையாக இருந்தது. பல்கனியில் ஸ்னோ மேடு கட்டி, தம்பி இருக்கிற மூலையே தெரியவில்லை. யாரும் எடுத்த மாதிரி இல்லை.

குடியுரிமைக்குக் கல் கொண்டுபோன மனிதன், பெற்ற பிள்ளையின் சம்பந்தத்துக்குக் கொண்டுவரவில்லை. அப்படியென்றால் இவருக்கு இது நல்ல காரியம் இல்லை. ஆரணியின் கண்ணும் அப்பாவுடைய பையில் போய் நின்றதைக் கண்டேன். அவள் ஹெல்மெட் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டு முன்னால் போனாள்.

ஆற்றங்கரை

போகிற வழியைப் பற்றி நான் வர்ணிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். கரை வெள்ளை, மரம் வெள்ளை, வானம் வெள்ளை, நடுவில் ஆறு மட்டும் கறுப்பாக ஓடியது. சில்லுக்குக் கீழே ஸ்னோ முறுக்குக் கடிக்கிற மாதிரி நொறுங்கியது. வடிவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூக்கு ஒழுகி, கண்ணாடியில் மூச்சுப் புகார் படிந்து, விரல்கள் இருக்கின்றனவா போய்விட்டனவா என்று தெரியாத ஒருத்திக்கு வடிவு என்ன வேண்டிக் கிடக்கிறது?

ஒரு கிழவனும் கிழவியும் தங்கள் நாயோடு எதிரே வந்தார்கள். “அருமையான நாள்!” என்று கை காட்டினார்கள். இந்த நாட்டுச் சனத்துக்கு உண்மையிலேயே ஒரு தட்டுக் கழன்றுதான் இருக்கிறது.

இவர் கதைப்பார் என்றாளே மகள்; எங்கே கதைத்தார்? முன்னால் போய்க்கொண்டே இருந்தார். ஆரணி சமமாகப் போய்ப் பக்கத்தில் மிதித்துப் பார்த்தாள். இரண்டு முறை ஏதோ சொன்னாள். இவர் தலையாட்டினார். பிறகு அவள் பின்வாங்கி என்னோடு வந்தாள். அவளுடைய மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன. குளிருக்கு என்று சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போதாக்குறைக்கு என் சைக்கிள் வலப்பக்கம் இழுத்தது.

“இஞ்சருங்கோ! இந்தக் கோதாரி விழுந்த சைக்கிள் ஒரு பக்கம் சரியுது!”

“பாத்து ஓட்டும்,” என்றார் திரும்பாமலே.

“பாத்துத்தான் ஓட்டுறன். ஒருக்கால் நிண்டு என்னெண்டு பாருங்கோவன்!”

“ஒண்டும் இல்லை. பாத்து ஓட்டும்.”

மாதக்கணக்காகப் பாப்பம், இன்றைக்குப் பாத்து ஓட்டும். இந்த மனிதனோடு இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினேன் என்று எனக்கே நம்ப முடியவில்லை.

கும்பிட்டு விழுந்தேன்

வளைவு திரும்பியதும் புகை மணந்தது. ஆட்கள் இருக்கப் போட்ட மரப் பலகை வாங்குகளுக்கு நடுவில் நெருப்பு எரிந்தது. யோனாஸ் விறகு முறித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் கட்டை முடியும் சிவந்த கன்னங்களுமாய் ஒரு மனுசி, பச்சைப் பனிச்சறுக்குக் காற்சட்டையோடு நின்று கை ஆட்டினாள். உர்சுலா!

சம்பந்தியம்மா கை ஆட்டுகிறாள். நான் என்ன செய்ய வேண்டும்? ஒரு கையைத் தூக்கி ஆட்டியிருக்க வேண்டும், அல்லது பேசாமல் வந்திருக்க வேண்டும். எனக்குப் பழக்கதோசம். பெரிய மனுசரைக் கண்டதும் கை தானாகச் சேர்ந்துவிட்டது. சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கையில் இரண்டு கையையும் எடுத்து, “வணக்கம்” என்று கும்பிட்டேன்.

பிறகு நடந்ததை விளக்க வேண்டியதில்லை. அந்தக் கனத்த பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். சம்பந்தியம்மாவின் காலடியில் முகம் குப்புற ஸ்னோவுக்குள் கிடந்தேன். யாரும் இவ்வளவு மரியாதையாக வணக்கம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

“மாமி! நோகுதோ?” என்று ஓடிவந்து தூக்கினான் யோனாஸ். தமிழில்தான் கேட்டான். நோகவில்லை, மானம்தான் நொந்தது. பை வாய் பிளந்து, டப்பா திறந்து, என் பயற்றம் பணியாரம் எல்லாம் ஸ்னோவில் உருண்டன. உர்சுலா ஒன்றைப் பொறுக்கி, ஊதி, வாயில் போட்டாள். கண்ணை விரித்தாள். இன்னொன்றையும் போட்டாள். “கெட்ட காலநிலை என்று ஒன்று இல்லை, கெட்ட உடுப்புத்தான் உண்டு. உங்கள் உடுப்பு நல்ல உடுப்பு,” என்று என் தோளில் தட்டினாள். பிறகு ஸ்னோவுக்குள் கையை விட்டு எதையோ தூக்கினாள்.

“இதையும் சாப்பிடுவதா?”

அவள் கையில் கல். மங்கிப்போன சிவப்பு நகப்பூச்சில் இரண்டு கண்ணும் ஒரு சிரிப்பும்.

“தம்பி!” என்றாள் ஆரணி.

ஆரணி கல்லைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

“அப்பா... தம்பியைக் கொண்டு வந்தனீங்களோ?”

இவர் என் சைக்கிளை நிமிர்த்தி நிறுத்திக்கொண்டிருந்தார். “மூண்டு பேர்தானே வெளிக்கிட்டனாங்கள்,” என்றார், இதிலென்ன கேள்வி என்கிற மாதிரி.

அவள் போய் அப்பாவை ஹெல்மெட்டோடு சேர்த்துக் கட்டிப் பிடித்தாள். விம்மி விம்மி அழுதாள். இவர் அவளுடைய முதுகில் கையுறையோடு தட்டிக்கொண்டே நின்றார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

உர்சுலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யோனாஸுக்கு விளங்கியது. ஆரணி அவனுக்குத் தம்பியின் கதையை எப்போதோ சொல்லியிருக்கிறாள். அவன் கல்லைத் தாயிடமிருந்து வாங்கி, சட்டைக் கையால் ஸ்னோவைத் துடைத்து, நெருப்புக்குக் கிட்ட வாங்கில் வைத்தான். ஒரு சொசேச்சைத் தட்டில் போட்டு அதற்கு முன்னால் வைத்துவிட்டு, பயந்து பயந்து இவருடைய முகத்தைப் பார்த்தான்.

“அவன் ஒன்றும் சாப்பிட மாட்டான்,” என்றார் இவர், அதே தொழிற்சாலை ஜெர்மனில்.

மருமகனாகப் போகிறவனோடு இவர் கதைத்த முதல் வசனம் அதுதான்.

பற்றறி

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு அடங்கியதும் கோபம் ஏறியது. இவரை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

“ஏனப்பா, உங்களுக்கு விசரோ? ஆவணியில இருந்து நான் தொண்டை கிழியக் கேட்டனான். வாயைத் திறந்து ஓம் எண்டால் முத்து உதிர்ந்திடுமோ?”

“நான்தானே கல்லு வைச்சனான்.”

“அதைச் சொன்னால் என்ன? அந்தப் பிள்ளை வழி முழுக்க அழுதுகொண்டு வந்தவள்!”

இவருடைய முகம் மாறியது. நெருப்புப் பக்கம் திரும்பி, மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். “சொல்லத்தான் நினைச்சனான். வாயில வரேல்லை,” என்றார். பிறகு, “எனக்கு இருக்கிறது அவள் ஒருத்தி,” என்றார்.

அதற்கு மேல் ஏச மனம் வரவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்காமல் விட முடியவில்லை.

“சரி, உங்கட பொக்கற்றுக்குள்ள வைக்கிறதை ஏன் என்ர பைக்குள்ள வைச்சனீங்கள்?”

“உம்மட சைக்கிளுக்குத்தானே பற்றறி இருக்கு.”

எப்படி இருக்கிறது நியாயம்? இவ்வளவு மாதமாக நான் கெஞ்சிய சம்மதத்தை, பணியாரத்துக்குக் கீழே ஒளித்து, என்னைக் கொண்டே ஆற்றங்கரை முழுக்கச் சுமப்பித்திருக்கிறார்!

தேத்தண்ணி குடிக்கும்போது ஆரணியைக் கூப்பிட்டு, “பங்குனி, சித்திரை வேண்டாம். வைகாசியில எழுத்துக்கு நாள் கேளுங்கோ,” என்றார். பிறகு தன் சொசேச்சை நெருப்புக்குக் கிட்டப் பிடித்துக் கரியாக்கிச் சாப்பிட்டார்.

உர்சுலா மிச்சப் பணியாரத்தை மடியில் கட்டாத குறையாக எடுத்துக்கொண்டு தன் வழியே போனாள். யோனாஸ் எங்களோடு வீட்டுக்கு வருவதாக முடிவாயிற்று. சோறும் கோழிக்கறியும் இருந்தன. நான் புறப்படும்போது சொன்னேன்: “இப்ப நாலு பேர் ஆச்சுத்தானே. அந்தக் கல்லை ஆத்துக்குள்ள எறியுங்கோ.”

“தம்பியை எறியிறதோ?” என்றார் இவர். “நாங்கள் இப்ப அஞ்சு பேர்.”

திரும்பிப் போகும்போது முன்னால் மூன்று சைக்கிள்களும் ஒன்றாகப் போயின. இவருடைய குரல் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்னோவில் முன் பிரேக்கைத் தொடக் கூடாது என்று, இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த பெடியனுக்குப் பாடம் நடந்தது. அவனும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக்கொண்டு போனான்.

நான் பின்னால் தனியாக வந்தேன். என் சைக்கிள் இன்னும் வலப்பக்கம்தான் இழுத்தது.